ஒரு படம், இரண்டு டைம்லைன்: வகுப்புத் தோழனோடு படத்தொகுப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்

முதற்பிரதி:

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். இது எங்கள் இறுதியாண்டுப் படம். 13 நிமிடம். அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிவிட்ட மாலையில், ஆறாவது மாடிக்குப் போக வேண்டிய ஒரு முதியவரும் கூரியர் கொண்டுவரும் இளைஞனும் சேர்ந்து படியேறுகிறார்கள். அவ்வளவுதான் கதை. எழுதி இயக்கியது நான். படத்தொகுப்பு என் வகுப்புத் தோழன். மூன்று ஆண்டுகளாக எல்லாப் பயிற்சிப் படங்களையும் சேர்ந்தே செய்திருக்கிறோம். ஒருமுறைகூடச் சண்டை வந்ததில்லை.

நான்காவது மாடியில் முதியவர் படியில் உட்கார்ந்துவிடுகிறார். இளைஞன் பொறுமையிழந்து மேலே போய்விடுகிறான். வசனம் கிடையாது. ஒரே ஷாட், 52 விநாடி. எனக்கு அந்த ஷாட்தான் படம். அதைத் தோழன் 11 விநாடியாக வெட்டிவிட்டான். ஏன் என்று கேட்டேன். "அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை" என்றான். பேச்சு முற்றியது.

அதன்பிறகு நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் இரண்டு நாள் என்னிடம் இருந்தது. அவனுக்குச் சொல்லாமல் படத்தொகுப்பு மென்பொருளின் புராஜெக்ட் ஃபைலை நகலெடுத்து, இரவெல்லாம் உட்கார்ந்து நான்கு காட்சிகளை மாற்றி வெட்டினேன். அதே இரண்டு நாளில் அவன் தன் லேப்டாப்பில் இருந்த பிரதியில், தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியை முழுப் படத்தோடும் ஒத்திசைத்து முடித்திருக்கிறான். இப்போது என் பிரதியில் என் வெட்டு இருக்கிறது, நல்ல ஒலி இல்லை. அவன் பிரதியில் ஒலி இருக்கிறது, என் வெட்டு இல்லை.

போதாக்குறைக்கு, என் கணினியில் புராஜெக்டைத் திறந்து ஃபுட்டேஜை, அதாவது எடுத்த ஷாட்களின் ஃபைல்களை, மறுபடி இணைத்தபோது, இரண்டாம் மாடிக் காட்சிக்குள் ஐந்தாம் மாடி ஷாட் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏனென்று புரியவில்லை.

ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

வெட்டுமேசை:

முதல் வேலை, இன்றே அவரிடம் சொல்லுங்கள். அவர் தம் பிரதியில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உங்கள் இரண்டு டைம்லைன்களை, அதாவது ஷாட்களை வெட்டி அடுக்கிய வரிசைகளை, இன்னும் தூரமாக்குகிறது. நாளை சொன்னால் நாளைய வேலையும் சேர்ந்து சிக்கலாகும்.

தொழில்நுட்பச் சிக்கல் நீங்கள் அஞ்சுவதுபோல் பெரிதன்று. தவறான ஷாட் வந்ததற்குக் காரணத்தை ஊகிக்க முடிகிறது. பல கேமராக்கள் ஒவ்வொரு மெமரி கார்டையும் அழித்தபின் எண்ணை மீண்டும் 0001 என்றே தொடங்குகின்றன. முதல் நாள் கார்டிலும் சி0001 இருக்கும், மூன்றாம் நாள் கார்டிலும் அதே பெயரில் இன்னொரு ஃபைல் இருக்கும். மறு இணைப்பின்போது மொத்த டிஸ்கையும் தேடச் சொன்னால், மென்பொருள் முதலில் கண்ணில் படும் சி0001ஐ எடுத்துக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி ஃபோல்டரைக் காட்டி இணையுங்கள். ஃபைல்களின் பெயரை இப்போது மாற்றாதீர்கள். பெயர் மாற்றம் படத்தொகுப்பு தொடங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை. நடுவில் செய்தால் இருவர் பிரதியும் அறுந்துபோகும்.

அடுத்தது, இரண்டையும் சேர்ப்பது. அவருடைய புராஜெக்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலியை ஒத்திசைப்பது பல மணிநேர வேலை. அதைத் திரும்பச் செய்வதைவிட உங்கள் நான்கு காட்சிகளைத் திரும்ப வெட்டுவது எளிது. உங்கள் டைம்லைனை மட்டும் தனியாக ஏற்றுமதி செய்து அவர் புராஜெக்டுக்குள் கொண்டுவாருங்கள். மென்பொருள் டாவின்சி ரிசால்வ் என்றால் இரண்டு டைம்லைன்களை ஒப்பிட்டு எங்கே வேறுபடுகின்றன என்று காட்டும் வசதியே உண்டு. பிறகு காட்சி காட்சியாக, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எது நிற்கிறது என்று முடிவெடுங்கள். இருவர் கணினியிலும் மென்பொருளின் பதிப்பு ஒன்றுதானா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். புதிய பதிப்பில் திறந்து சேமித்த புராஜெக்ட் பழைய பதிப்பில் பெரும்பாலும் திறக்காது.

ஃபிலிம் காலத்தில் இந்தச் சிக்கல் எழுவது அரிது. வெட்டுவதற்கு இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு வொர்க் பிரிண்ட், அதாவது வெட்டிப் பார்ப்பதற்கென்றே நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதி. 35 மி.மீ. ஃபிலிம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. உங்கள் 13 நிமிடப் படம் கிட்டத்தட்ட 1170 அடி. அந்தச் சுருள் யார் மேசையில் இருக்கிறதோ அவர்தான் வெட்ட முடியும். மற்றவர் பக்கத்தில் வந்து நின்று பேசியாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை நீங்களே இப்போது உண்டாக்கிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் டைம்லைன். கைமாறும்போது பெயரில் தேதியும் எண்ணும் இருக்கட்டும். "இறுதி", "இறுதி புதியது" என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பெயரில் இருந்த எதுவும் இறுதியாக இருந்ததில்லை.

ஓசைமணி:

ஒலியைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

படத்தில் கைபேசியில் எடுத்த ஷாட்கள் ஏதாவது உண்டா? மாடிப்படி மூலை என்றால் பெரிய கேமரா நுழைந்திருக்காது என்று நினைத்துக் கேட்கிறேன். பல கைபேசிகள் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கை ஏறி இறங்கும். டேக்கின் தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய ஒலி மூன்றாவது நிமிடத்தில் உதட்டைவிட்டு விலகி நிற்கும். அந்த ஷாட்களை நிலையான ஃபிரேம் எண்ணிக்கைக்கு மாற்றிய பின்புதான் டைம்லைனுக்குள் விட வேண்டும். உங்கள் தோழர் ஒத்திசைத்தபோது இதைச் செய்தாரா என்று கேளுங்கள். செய்திருந்தால், அவருடைய இரண்டு நாள் எங்கே போனது என்று உங்களுக்கே விளங்கும்.

ரெக்கார்டர் 48,000 ஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து பதியும்படி, இருந்ததா என்பதையும் பாருங்கள். 44,100இல் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினால் வேகம் சுமார் 9 விழுக்காடு கூடிவிடும், குரலும் கீச்சென்று உயர்ந்துவிடும்.

25 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லி விநாடி. ஒலி இரண்டு ஃபிரேம் முந்திக்கொண்டாலே ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்கு உறுத்தத் தொடங்கும். அதே அளவு பிந்தினால் பலருக்குத் தெரியாது. தொலைவில் ஒருவர் சுத்தியலால் அடிப்பதை முதலில் பார்த்து, பிறகு ஓசையைக் கேட்டே பழகியவர்கள் நாம். ஐயம் இருந்தால் ஒலியை முன்னே தள்ளாதீர்கள்.

இன்னொன்று. மாடிப்படி என்பது ஒலிக்காகவே கட்டப்பட்ட இடம் போன்றது. ஒவ்வொரு மாடியிலும் எதிரொலி வேறு. ஆளில்லாத படிக்கட்டின் ஓசையை ஒவ்வொரு மாடியிலும் முப்பது விநாடியாவது பதிந்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே போய்ப் பதியுங்கள். அந்த 52 விநாடியில் "எதுவும் நடக்கவில்லை" என்று அவர் சொன்னது படத்தை மட்டும் பார்த்தா, ஒலியோடு கேட்டா? மேலே ஏறிப்போகும் இளைஞனின் காலடி அந்த ஷாட்டில் கேட்கிறதா?

கரைசேராதவள்:

நானும் மாணவிதான். சென்ற ஆண்டு என் படத்தில் இதேதான் நடந்தது, ஆனால் நான் உங்கள் தோழனின் இடத்தில் இருந்தேன். பதினெட்டு நாள் வெட்டினேன். திரையிடலன்று உட்கார்ந்து பார்க்கும்போதுதான், பாதிப் படம் என்னுடைய வெட்டு இல்லை என்று தெரிந்தது. பெயர்ப் பட்டியலில் படத்தொகுப்பு என்று என் பெயர்தான் ஓடியது. நான் செய்யாத வெட்டுகளுக்கு என்னைப் பாராட்டினார்கள். அதைவிட அவமானம் எனக்கு வேறு நேர்ந்ததில்லை. இயக்கிய தோழியோடு அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை தொடங்கவில்லை.

எந்த வெட்டு நல்லது என்பதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவளுடையது நன்றாகவே இருந்தது. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்.

தூரப்பார்வை:

எல்லோரும் கேள்வி கேட்ட இந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். படம் இயக்குநருடையது. 52 விநாடி வேண்டும் என்று இயக்குநர் சொன்னால் 52 விநாடிதான். படத்தொகுப்பாளர் தம் கருத்தைச் சொல்லலாம். ஏற்காவிட்டால் சொன்னபடி வெட்ட வேண்டும். இருவர் சேர்ந்து ஒரு படத்தை வெட்டினால் அது யாருடைய படமாகவும் இருக்காது.

வெட்டுமேசை:

நண்பரே, கடைசி வரியை ஏற்க மாட்டேன். பி. லெனினும் வி.டி. விஜயனும் எத்தனை படங்களைச் சேர்ந்து தொகுத்திருக்கிறார்கள்! படத்தொகுப்புக்கான தேசிய விருதையும் இருவராகவே பெற்றவர்கள். அந்தப் படங்களில் எந்த வெட்டு யாருடையது என்று உங்களாலோ என்னாலோ பிரித்துச் சொல்ல முடியாது.

இறுதிச் சொல் இயக்குநருடையது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இறுதிச் சொல் இறுதியில் வர வேண்டும். இயக்குநருக்கு ஒரு பெரிய குறை உண்டு: அந்த ஷாட்டை எடுக்கப் பட்ட பாடு அவருக்கு நினைவிருக்கிறது. எத்தனை டேக் போனது, வெளிச்சம் எப்போது போனது, நடிகர் எப்படி மூச்சு வாங்கினார், எல்லாம் அவர் மனத்தில் ஓடுகிறது. திரையில் அது இல்லை. படப்பிடிப்புக்கே வராத ஒருவர் வெட்டுவதன் பயனே அதுதான்.

ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு நல்ல வெட்டுக்கு வேண்டியவற்றை ஆறாகப் பிரித்து மதிப்பெண் கொடுத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, தட்டையான திரையில் திசை குழம்பாமல் இருப்பதற்கு 5, காட்சி நடக்கும் இடத்தில் யார் எங்கே இருக்கிறார் என்ற ஒழுங்குக்கு 4. உணர்ச்சி ஒன்றே மற்ற ஐந்தையும் சேர்த்ததைவிடப் பெரியது. கேட்டவுடன் முதற்பிரதி "நான் சொன்னதும் அதுதானே" என்று நினைக்கக்கூடும். ஆனால் அந்த 51 யாருடைய உணர்ச்சி? முதன்முறை பார்ப்பவருடையது. அதை அறிய ஒரே வழி, கதை தெரியாத நாலைந்து பேரை உட்கார வைத்துக் காட்டுவது. "பிடித்ததா" என்று கேட்காதீர்கள். "அவர் ஏன் உட்கார்ந்தார்" என்று கேளுங்கள்.

நடுப்படி:

நான்தான் அந்த வகுப்புத் தோழன். நேற்றிரவு அவளே எல்லாவற்றையும் சொல்லி, இந்த இழையையும் அனுப்பினாள். இரண்டு முறை படித்தேன்.

வருத்தம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்யாகும். கைபேசி ஷாட்கள் 31. ஒவ்வொன்றையும் மாற்றி, ஒவ்வொன்றின் கடைசி விநாடிவரை உதட்டைப் பார்த்து ஒத்திசைத்தேன். ஓசைமணி ஐயா கேட்டதற்கு நன்றி. அதை யாரும் கேட்கவில்லையே என்றுதான் இருந்தது.

இனி அவளுக்கு. இங்கேயே எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வரவில்லை.

அந்த ஷாட்டை அறுபது முறையாவது பார்த்திருப்பேன். "எதுவும் நடக்கவில்லை" என்று நான் சொன்னது உண்மையில்லை. நடக்கிறது. 12ஆவது விநாடியில் அவருடைய கண் கேமராவுக்குக் கீழே, இடப்பக்கமாகப் போகிறது. அங்கே நீ குந்தி உட்கார்ந்திருந்தாய். கையால் ஏதோ சைகை காட்டியிருக்கிறாய், அவர் அதைப் பார்க்கிறார். மீண்டும் தம் உலகத்துக்குள் போக அவருக்கு 19ஆவது விநாடி ஆகிறது. பிறகு 33இலிருந்து மைக்கின் நிழல் சுவரில் மெல்ல அசைகிறது. உன்னால் அந்த டேக் கெட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று எத்தனை பாடுபட்டு அந்த ஒரு டேக்கை வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கெடாத முதல் 11 விநாடியை மட்டும் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்த காரணத்தைச் சொன்னேன். அது என் தவறு. நீ என்னை எதற்குத் திட்டினாயோ அதற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் காரணத்தை மறைத்ததற்கு நான் பொறுப்பு.

உன் நான்கு காட்சிகளையும் பார்த்தேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியில் ஊரும் கையின் ஷாட்டை நடுவில் வைத்திருக்கிறாயே, அது மிக நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் இடமிருந்து வலம் ஏறியவர்கள் வலமிருந்து இடம் ஏறத் தொடங்குகிறார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க எனக்கு ஒரு வாரமாக வழி தெரியவில்லை. நடுவில் திசையே இல்லாத ஒரு ஷாட் வைத்தால் போதும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

முதற்பிரதி:

படித்தேன். சைகை காட்டியது நினைவிருக்கிறது. மூச்சை மெதுவாக விடச் சொன்னேன்.

அத்தனை முறை பார்த்தும் என் கண்ணுக்கு அந்தப் பார்வை ஒருமுறைகூடப் படவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நாளைக் காலை வருகிறேன். டிஸ்க் உன்னிடமே இருக்கட்டும்.

ஓசைமணி:

போவதற்கு முன்பு இருவரும் அந்த டிஸ்கை இன்னொரு டிஸ்கில் நகலெடுங்கள். இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், அதில் ஒன்று வெளியே. இத்தனை பேசியும் இதை யாருமே சொல்லவில்லை.

முதற்பிரதி:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

அவன் புராஜெக்டுக்குள் என் டைம்லைனைக் கொண்டுவந்து ஒன்பது காட்சிகளையும் ஒப்பிட்டோம். ஒரு முழுப் பகல் ஆனது. என்னுடைய நான்கில் இரண்டு நின்றன, ஒன்று போனது, ஒன்றில் இருவருடையதும் கலந்தது. தவறான ஷாட் வந்ததற்கு வெட்டுமேசை அண்ணா சொன்னதுதான் காரணம்: இரண்டு கார்டுகளில் ஒரே பெயர். ஃபோல்டர் வாரியாக இணைத்ததும் சரியானது.

நான்காவது மாடி ஷாட்டை மூன்று விதமாக வெட்டி, கதை தெரியாத ஐந்து பேருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினோம். வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றினோம். 52 விநாடி ஓடியபோது மூவர், "அங்கே யாரோ இருக்கிறார்கள், அவரைத்தான் பார்க்கிறார்" என்றார்கள். அவன் சொன்ன அதே பார்வை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 11 விநாடியைப் பார்த்தவர்கள், அவர் களைத்துவிட்டார், சற்று ஓய்வெடுக்கிறார் என்றார்கள். தவறில்லை, ஆனால் அவ்வளவுதானா அந்த ஷாட்?

மூன்றாவது 27 விநாடி. அவனுடைய முதல் 11 விநாடி அப்படியே இருக்கிறது. பிறகு மேல்நோக்கிப் போகும் வெறும் படிக்கட்டு, 4 விநாடி. அது வேறொரு காட்சிக்காக எடுத்து ஒதுக்கிய ஷாட். பிறகு மீண்டும் முகம், 20இலிருந்து 32வரை. பார்வை திரும்பிய பின், நிழல் விழும் முன். ஓசைமணி ஐயா கேட்ட கேள்வியை அவன் விடவில்லை. இளைஞனின் காலடி மேலே ஏறிப்போவது முகத்தின்மேல் கேட்கிறது, வெறும் படிக்கட்டின்மேல் நின்றுவிடுகிறது. ஏழு விநாடி மௌனம். பிறகு முகம் அப்படியே இருக்க, காலடி இறங்கி வரத் தொடங்குகிறது. இளைஞனைக் காட்டவே இல்லை. அதைப் பார்த்த ஐவரில் மூவர், "அந்தப் பையன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறார்" என்றார்கள்.

அதை நான் எழுதியிருந்தேன். எடுக்கும்போது அது நடிகரின் முகத்தில் வர வேண்டும் என்று நினைத்து, அவரை 52 விநாடி உட்கார வைத்துச் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். அது காலடியில் இருந்திருக்கிறது.

கடைசிக் காட்சியில் இன்னும் ஒத்துப்போகவில்லை. கதவு மூடுவதோடு முடிய வேண்டும் என்கிறான். படிக்கட்டில் இறங்கும் இளைஞனோடு முடிய வேண்டும் என்கிறேன். இரண்டையும் காட்டினோம், பார்த்தவர்களும் பிரிந்துவிட்டார்கள். இயக்குநராக நான் முடிவெடுக்கலாம் என்று அவனே சொன்னான். என் முடிவை வைத்துக்கொண்டேன். சரியா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கரைசேராதவளுக்கு: படத்தொகுப்பு என்று அவன் பெயர் மட்டும்தான் போகிறது. என் பெயரையும் சேர்க்கச் சொன்னான், வேண்டாம் என்றேன். நின்ற ஒவ்வொரு வெட்டும் அவன் பார்த்து ஒத்துக்கொண்டது.

நடுப்படி:

கதவு மூடுவதுதான் சரி. அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

படத்தை இன்று பூட்டிவிட்டோம். இனி ஒரு ஃபிரேம்கூட நகராது, ஒலிக்கலவை முடியும்வரை. ஐயா, ஒரு சந்தேகம். ஐந்தாம் மாடியில் பதிந்த காலடிகளில் ஏதோ மோட்டாரின் இரைச்சல் கலந்திருக்கிறது. வடிகட்டினால் எதிரொலியும் சேர்ந்து போய்விடுகிறது.

ஓசைமணி:

வடிகட்டாதீர்கள். அதே மாடிக்கு, இரைச்சல் இல்லாத நேரத்தில், அதே செருப்புகளோடு போய்ப் புதிதாகப் பதியுங்கள். படத்தைக் கைபேசியில் ஓடவிட்டு, ஒலியை அணைத்துவிட்டு, நடையின் வேகத்தைப் பார்த்து ஏறுங்கள். மைக்கை ஒரு மாடி கீழே வையுங்கள்.

முதற்பிரதி:

நாளை விடியற்காலை போகிறோம். செருப்புகளை எடுத்து வைத்துவிட்டேன். இளைஞனின் காலடிக்கு அவன் ஏறுகிறான். முதியவருடையதற்கு நான்.